ஆச்சியின் ரூபாயும் அமெரிக்க டாலரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா ஒரு சுருக்குப்பையைக் கையில் கொடுத்தார். உள்ளே ஆச்சியின் வெள்ளி ரூபாய்கள், மொத்தம் பதினொன்று.

"உருக்கிப் பிள்ளைக்குக் கொலுசு செஞ்சிருப்பா."

ஜோகுபாளையம் திரும்பியதும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை. பலவற்றில் ஆண்டு 1919. வங்கிக்காரன் புத்தி, ஆண்டைப் பார்த்ததும் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

முதல் உலகப் போர் நேரம். போர்ச் செலவுக்கு இந்திய அரசுக்கு ஏகப்பட்ட ரூபாய் தேவைப்பட்டது. வெள்ளி தட்டுப்பாடு. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. மக்கள் தாளை நம்பவில்லை. 1918 தொடக்கத்தில் நோட்டை நீட்டி வெள்ளி கேட்கும் கூட்டம் பெருகியது. அரசின் கையிருப்பு கரைந்துகொண்டே போனது. கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்!

லண்டன், வாஷிங்டனிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் வந்தது. அமெரிக்கக் கருவூலத்தில் கிடந்த 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் சுமார் 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. பெரும்பாலும் 1878 முதல் 1904 வரை அடித்த மார்கன் டாலர்கள். ஒரு டாலரில் 24 கிராம் சுத்த வெள்ளி. நம் ரூபாயில் 10.7 கிராம். ஒரு டாலர் உருகினால் இரண்டேகால் ரூபாய்.

உருக்கியவர்கள் எந்த ஆண்டுக் காசு எத்தனை என்று எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இன்று மார்கன் டாலர் சேகரிப்பவர்கள், அச்சடித்த கணக்கை மட்டும் வைத்து எது அபூர்வம் என்று சொல்ல முடியாமல் திண்டாடுகிறார்கள். 1895இல் ஃபிலடெல்ஃபியாவில் 12,000 சாதாரணக் காசுகள் அடித்ததாக ஏடு சொல்கிறது. ஒன்றுகூட யார் கண்ணிலும் படவில்லை. தனியாக அடித்த 880 மாதிரிக் காசுகளில் மிஞ்சியவைதான் கிடைக்கின்றன. அந்த 12,000 உருக்கப்பட்டதா, அடிக்கவே இல்லையா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

ஆச்சியின் ரூபாய் அபூர்வமானதல்ல; விற்றால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். ஆனால் அதில் அமெரிக்க வெள்ளி கலந்திருக்கலாம். பால் விற்றுச் சேர்த்த ஆச்சியின் கைரேகையும் இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கொலுசு என் சம்பளத்தில். காசுகள் சுருக்குப்பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் இருந்தால், தட்டானிடம் போகுமுன் ஆண்டை ஒருமுறை பாருங்கள். உருக்கிய காசுக்கு ஆண்டு கிடையாது.