சேர நாட்டில் உரோமர் காசுகள்

பண்டை நாட்டின் வரலாற்றை ஆராய்வார்க்கு இலக்கியமும் கல்வெட்டும் பழங்காசும் சிறந்த துணைகளாம். இலக்கியத்தில் புலவரின் கற்பனை கலத்தல் கூடும். கல்வெட்டில் வேந்தரின் பெருமிதம் மிகுதல் கூடும். காசோ, தன்னை வெளியிட்ட அரசனையும் தான் பிறந்த காலத்தையும் தன் முகத்திலேயே தாங்கி நிற்பது. ஆயினும், அது முழு உண்மையையும் கூற வேண்டுமாயின், எந்த மண்ணில், எப்பொருள்களுடன் கிடைத்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். சேர நாட்டில் கிடைத்த உரோமர் காசுகள் இதனை நன்கு விளக்குகின்றன.

யவனரின் மரக்கலங்கள் முசிறித் துறையில் பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் சென்றமையை அகநானூற்றால் அறிகிறோம். உரோம அறிஞர் பிளினியோ, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஷியஸ் நாணயம் இந்தியாவிற்குச் செல்கின்றதே என்று வருந்தினார். தமிழ்ப் புலவர் பெருமையாகப் பாடியதை உரோமர் இழப்பாக எண்ணினார். இருவர் கூற்றும் மெய்யே என்பதற்குரிய சான்று மண்ணுள் மறைந்து கிடந்தது.

1847-ஆம் ஆண்டில் கண்ணூருக்குக் கிழக்கே ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் உள்ள கோட்டயத்தில் அச்சான்று வெளிப்பட்டது. இது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கோட்டயம் நகரன்று. வட மலையாளத்துச் சிற்றூர். மலைச்சரிவில் பொன்துகள் தேடியவர்கள் பித்தளைக் கலம் ஒன்றைக் கண்டனர். அதனுள்ளும் அருகிலும் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ முதலிய பேரரசர்களின் பொற்காசுகள் புத்தம் புதியனபோல் ஒளிர்ந்தன. ஐந்து ஆள் சுமை அளவு பொன் கிடைத்தது என்று அக்காலத்தார் கூறினர். கண்டவர்களுக்கோ அது மாற்றுயர்ந்த பொன் மட்டுமே! பெரும்பகுதி விற்கப்பட்டும் உருக்கப்பட்டும் மறைந்தது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி திருவிதாங்கூர் மன்னரிடம் சேர்ந்தது. காப்டன் துரூரி என்பார் 1851-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இக்காசுகளைக் குறித்து எழுதினார். உருகிய காசுகள் கூறியிருக்கக் கூடியவற்றை இனி யார் கூற வல்லார்?

இதற்கு மாறாக, 1946-இல் திருச்சூரை அடுத்த எய்யாலில் கிடைத்த புதையல் சிதறாமல் ஆராயப்பட்டது. அதில் உரோமரின் பொற்காசுகள் 12, வெள்ளிக்காசுகள் 71, நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகள் 34 இருந்தன. உரோம நாணயமும் உள்நாட்டு நாணயமும் ஒருவர் கையிலேயே ஒருங்கிருந்தன என்பதை இப்புதையல் காட்டுகிறது. பரமேசுவரி லால் குப்தா எழுதி, 1965-இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைக்கின்றது. 1983-இல் வட பறவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் 252 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன.

இக்காசுகளை இனங்காண்பது எவ்வாறு? முன்புறத்தில் பேரரசனின் தலையும் சுற்றிலும் இலத்தீன் எழுத்துகளும் காணப்படும். உகர ஒலிக்கும் வகர எழுத்தையே பொறிப்பது உரோமர் வழக்கு. இதனை அறியாதார் பெயரைப் படிக்க இடர்ப்படுவர். பேரரசன் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்ட பதவியின் எண்ணும் சிலவற்றில் இருப்பதால், அவை வெளிவந்த ஆண்டையே கணிக்கலாம். பின்புறத்தில் கேடயமும் வேலும் தாங்கிய இரு பேரர்கள் நின்றால் அது அகஸ்டஸ் காசு. அமர்ந்த பெண்ணுருவம் இருப்பின் பெரும்பாலும் டைபீரியஸ் காசு. இவ்விரு வகை வெள்ளிக்காசுகளே நம் நாட்டில் மிகுதி. நீரோ 64-ஆம் ஆண்டில் காசின் எடையைக் குறைத்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். நம் வணிகர் பழைய நல்ல காசுகளையே விரும்பினர் போலும்! எழுத்துகள் பொருளின்றிச் சிதைந்திருப்பின், அது இந்நாட்டிலேயே செய்யப்பட்ட போலியாதல் கூடும்.

சேரர் இக்காசுகளைப் பெற்றதோடு அமைந்தாரல்லர். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மாக்கோதை என்னும் சேர மன்னனின் வெள்ளிக்காசு கிடைத்துள்ளது. அதில் உரோமக் காசின் பாணியில் மன்னனின் தலை அமைந்திருக்க, பெயரோ தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அயலாரின் கலையை ஏற்றும் தன் மொழியை விடாத அவ்வேந்தனின் உள்ளம், தமிழகத்திலிருந்து வந்து இந்நகரில் வாழும் நமக்கு நல்லதொரு பாடமன்றோ?

நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில் நாணயக் காட்சியகம் ஒன்று 1992 முதல் உள்ளது. நம் நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவே ஆகும். பிள்ளைகளுடன் சென்று காண்க. பழங்காசு தொகுக்கும் அன்பர்கள், கிடைத்த ஊரையும் உடனிருந்த பொருள்களையும் தவறாது குறித்து வைத்தல் வேண்டும். காசைத் தேய்த்து மெருகிடுதல் ஆகாது. மண்ணுள் புதையல் காண்பவர் 1968-ஆம் ஆண்டுக் கேரளப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாம். பொன்னை மீண்டும் ஈட்டலாம்; உருகிப்போன வரலாற்றை ஒருபோதும் ஈட்டல் இயலாது.