'ங்க' என்ற ரெண்டு எழுத்து

பெரிய காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு பட்டுக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். "வாங்க, உட்காருங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று மரியாதை மழையாகக் கொட்டும். காசுக்குக் கிடைக்கிற மரியாதைதானே என்பீர்கள். சரி, காசில்லாதவருக்கு?

பிரிட்டிஷ் காலத்துச் சென்னை ராஜதானியின் சர்க்கார் தாள்களில் நம்மூர்ப் பிரமுகர்களின் பெயருக்கு முன்னால் 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று இருக்கும். அதாவது, மகாராஜ ராஜஸ்ரீ! பின்னால் ஒரு 'அவர்கள்' வேறு. அதே காலத்தில் வயலில் நின்ற கூலியாளுக்கு எழுபது வயசானாலும் 'டேய்'தான். பண்ணையாரின் பத்து வயசுப் பையன்கூட அவரை 'வாடா' என்பான். ஒருவர் என்ன சாதி, எவ்வளவு நிலம் என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலிலேயே தெரிந்துவிடும்!

1932-ல் ரஷ்யா, ஐரோப்பா எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பிய பெரியார், இந்த ஸ்ரீ, கீ எதுவும் வேண்டாம், எல்லோரையும் 'தோழர்' என்றே அழையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவருடைய சீடர், காஞ்சிபுரத்தில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, 1967-ல் முதலமைச்சரானார். அவருடைய அரசு ஸ்ரீ, ஸ்ரீமதியை எடுத்துவிட்டு திரு, திருமதியைக் கொண்டுவந்தது. ஸ்ரீ என்றாலும் திரு என்றாலும் அர்த்தம் ஒன்றுதான். மொழிதான் மாறியது, மரியாதை அப்படியே இருந்தது.

அதே 1967-ல் ஸ்வீடனில் நேர் எதிராக ஒன்று நடந்தது. அங்கே அதுவரை மேலதிகாரியின் முகத்துக்கு எதிரிலேயே, "டாக்டர் காபி சாப்பிடுகிறாரா?" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்க வேண்டும். மருத்துவத் துறைத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், 'இனி உங்கள் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவேன்' என்று ஊழியர்களிடம் அறிவித்தார். நாடு முழுக்க 'நீ' பரவியது.

சமத்துவத்துக்காக அவர்கள் 'நீங்க'வைக் கழற்றினார்கள். நம்மூரில் அது செல்லுமா? காலமெல்லாம் 'டேய்' கேட்டவரிடம் போய், 'இனிமேல் எல்லோருக்கும் நீ, வா, போ' என்றால் அவருக்கு என்ன லாபம்? அவர் கேட்பது ஒரு 'வாங்க'. நமக்கு அது வெறும் சம்பிரதாயம். அவருக்கு அது பாக்கி!

வேடிக்கை என்னவென்றால், எல்லோருக்கும் 'திரு' போட்ட முதலமைச்சரை ஜனங்கள் அழைத்தது வெறும் 'அண்ணா'! அவரும் தொண்டர்களுக்குத் 'தம்பி' என்றே கடிதம் எழுதினார். மரியாதை குறைந்ததா என்ன? 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டமே பதில்.

அடுத்த தடவை பட்டுக்கடையில் உங்களை 'வாங்க' என்று வரவேற்கும்போது ஒன்று செய்யுங்கள். நெய்த புடவையோடு ஓரமாக நிற்கிற நெசவாளியை முதலாளி எப்படிக் கூப்பிடுகிறார் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.