மால்பும் தளைநாரும்

கோலாலம்பூரின் வடபால் உள்ள செந்தூல், ஒரு மரத்தின் பெயரால் வழங்கும் ஊர். புளிப்பும் இனிப்பும் கலந்த கனி தரும் மரம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே பட்டறை அங்கு எழுந்தபின் தமிழர் குடியிருப்புகள் பெருகின. அக்குடிகளின் பிள்ளைகளுக்குக் குறிஞ்சித்திணை நடத்தும்போது, இதணம் என்றால் பரண், மால்பு என்றால் ஏணி எனப் பொருள் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போவதே வகுப்பறை வழக்கம். சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. அப்பரணில் இரவெல்லாம் இருந்தவன் எவ்வாறு ஏறினான், எதைப் பற்றி இறங்கினான் என்று கேட்பார் அரியர்.

மரத்தின் மேலிருந்து காவல் காத்தவனுக்கும் வேட்டம் புரிந்தவனுக்கும் பழந்தமிழில் தனிப்பெயரே இருந்தது. சேண் என்பது உயரமும் தொலைவும் ஆகும். உயரத்தில் இருப்பவன் சேணோன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, சேணோன் மரத்தின்மேல் அமைத்த பரணைப் புலியும் அஞ்சும் பரண் என்று காட்டுகிறது. மலைபடுகடாத்தில் தினைப்புனக் காவலர் உயர்ந்த இதணத்தில் ஏறிக் கைதட்டி ஒலியெழுப்புகின்றனர். கவண்கல் வீசி யானைகளைக் கலைக்கின்றனர். தரையில் நின்று யானையை எதிர்ப்பவன் மீளமாட்டான். ஆகவே உயரமே அவனுக்குக் கேடயம். ஆயினும் அந்த உயரமே அவனுக்கு இரண்டாவது பகையும் ஆகும். விலங்கினிடமிருந்து தப்பியவனைப் பிடியிழந்த கை கொன்றுவிடும். கவணைப் பாடிய புலவர் இறங்கும் வழியைப் பாடவில்லை.

தேனெடுத்தவர் செய்தி அவ்வாறன்று. செங்குத்தான மலைமுகத்தில் தொங்கும் இறாலை எடுக்க அவர்கள் நட்ட மால்பைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் குறிக்கின்றன. உரையாசிரியர் அதனைக் கண்ணேணி என்பர். நீண்ட மூங்கிலின் கணுக்களே படியாக அமைந்த ஒற்றைக்கால் ஏணி அது. குறுந்தொகை 273ஆம் பாடலில் சிறைக்குடி ஆந்தையார் ஓர் உவமை வைக்கிறார்: பெருந்தேனை விரும்பி, பழைய மால்பு என்று அறியாமல் அதன்மேல் ஏறிவிட்ட பேதை. காதற் பாட்டில் வந்த உவமைதான். ஆனால் தொழிலறிந்தவன் வாயிலிருந்து வந்த எச்சரிக்கை போலவே ஒலிக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்த மூங்கில் புறத்தே உறுதியாகத் தோன்றும். உள்ளே வண்டு துளைத்திருக்கும். முறுக்கேறிய நார்க்கயிறும் அப்படியே. மேலிழை மின்னும், நடுப்புரி மட்கியிருக்கும். ஏறுமுன் கருவியை ஆராயாதவனை அப்புலவர் வீரன் என்னாமல் பேதை என்றார். அச்சொல் தேர்வு நோக்கத்தக்கது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் ஆனைமலைக் காடரின் தேனெடுப்பை விரித்துரைக்கிறது. நெடுமரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து அவர்கள் ஏறினர். மலைமுகமாயின், பிரம்பை வளையங்களாக்கி ஒன்றனுள் ஒன்றைக் கோத்துச் சங்கிலி போல் அமைத்து, விளிம்பில் நின்ற மரத்தில் கட்டி, இரவில் தீப்பந்தத்துடன் இறங்கினர். மேலே அச்சங்கிலிக்குக் காவலாக மனைவியையோ மகனையோ அன்றி வேறெவரையும் வைப்பதில்லை. நீலகிரிக் குறும்பரிடையே அக்காவல் மனைவியின் உடன்பிறந்தானுக்கு உரியது என்பர். தன் தங்கை கைம்பெண் ஆவதை எந்த அண்ணனும் விரும்பான் அல்லவா? உடன்பிறந்தானுக்குப் பங்குப் பகை இருக்கலாம், மைத்துனனுக்கு இல்லை. மலைவாணர் வாழ்வில் கயிறும் உறவுமுறையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தன.

இன்றைய அமெரிக்க நாட்டில் மான் வேட்டையாடுவோர் சிலர், பரண் கட்டாமல், இடுப்பையும் தொடையையும் தாங்கும் வார்ச்சேணம் ஒன்றை அணிந்து மரத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு தொங்கியபடியே காத்திருக்கின்றனர். சேணோனுக்கும் சேணத்துக்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை தற்செயலானது. அதிலிருந்து வரலாறு செய்யப் புகுவது வேண்டாத வேலை. வேட்டை முடிந்தபின் அவர்கள் கயிற்றை மேற்கிளைக்குக் கீழே அடிமரத்தைச் சுற்றி மாட்டி, உராய்வினால் வேகத்தைத் தணிக்கும் சிறு கருவி வழியே வழுக்கி இறங்குகின்றனர். பின்னர் முன்னமே கட்டிவைத்த மெல்லிய இழுகயிற்றைத் தரையில் நின்று இழுத்து, பெருங்கயிற்றை மீட்டுக்கொள்கின்றனர்.

அவர்கள் கயிற்றைச் சுமக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. வட்டமாகச் சுருட்டிய கயிறு அழகாக இருக்கும்; இருளில் அவிழ்க்கும்போது சுருளுக்குள் சுருள் புகுந்து சிக்கிக்கொள்ளும். எனவே பலர் சுருட்டுவதில்லை. முதலில் கடைநுனியில் தடைமுடிச்சு இட்டு, அந்நுனியைப் பையின் அடியில் வைத்து, எஞ்சியதைச் சாண் சாணாகத் திணிக்கின்றனர். கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே வரும். எனவே சிக்கலின்றி ஓடும். அடியிலுள்ள முடிச்சோ, கயிறு தரையை எட்டாத நிலையில் இறங்குபவன் நுனியைக் கடந்து வீழாமல் காக்கும். திணிக்கும்போதே கயிறு முழுவதும் கைவிரல்களின் ஊடே செல்வதால், மெலிந்த இடமும் கிழிந்த இடமும் தாமே தட்டுப்படும். முதுமால்பு அறியும் வேலை அங்கே கட்டும் வேலையோடு சேர்ந்தே நடந்துவிடுகிறது. அக்கயிறு நாரன்று, உள்ளே இழைக்கற்றையும் வெளியே பின்னிய உறையும் கொண்ட செயற்கைக் கயிறு. அவ்வகையை 1953இல் ஜெர்மானிய நாட்டு எடெல்ரிட் நிறுவனம் மலையேறிகளுக்காக உருவாக்கியது.

தமிழருள் இக்கட்டுக்கோப்பை நாள்தோறும் கையாண்டவர் பனையேறிகளே. பருவகாலத்தில் ஒருவர் 30, 40 மரங்களைக் காலையும் மாலையும் ஏறியிறங்குவார். கால்களைப் பிணைக்கும் தளைநார் பனைமட்டையின் நாரால் ஆனது. அடிமரத்தில் சாய்த்துவைக்கும் முருக்குத்தடி முதல் சில முழத்தைக் கடக்க உதவும். பாளை சீவும் அரிவாள்கள் இடுப்பின் பின்புறம் தொங்கும் அரிவாள்பெட்டிக்குள் இருக்கும். பாளையை நெருக்கும் கடிப்பும் கலயமும் இடுப்போடு வரும். அனைத்தும் பின்புறமும் பக்கத்திலுமாக அமைந்தமைக்குக் காரணம் எளிது: முன்புறம் மரத்துக்கு உரியது. மார்பு மரத்தைத் தழுவாவிட்டால் ஏற்றம் இல்லை. ஒரு கை மரத்தைப் பற்றியிருக்க, மற்றக் கை பாராமலே பெட்டிக்குள் சென்று வேண்டிய அரிவாளை எடுத்தாக வேண்டும். மாறிக் கிடந்த அரிவாள் விரலை அறுக்கும்.

இத்தொழிலறிவு தோட்டத் தொழிலாளரோடு மலாயாவுக்கும் வந்தது. இங்கு ஏறியது தென்னை, இறக்கியது கள். தோட்டத்துக் கள்ளுக்கடையால் குடும்பங்கள் சீரழிந்ததும், அதனை எதிர்த்து எழுந்த இயக்கமும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. 1947இல் கெடா மாநிலத்தின் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் நடத்திய கள்ளெதிர்ப்பும், அதன்மேல் பாய்ந்த காவல்துறை நடவடிக்கையும், அதில் நேர்ந்த உயிரிழப்பும் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவையே. ஆனால் குடித்தவனுக்கும் விற்றவனுக்கும் தடுத்தவனுக்கும் கிடைத்த இடம் விடியுமுன் மரத்தில் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. கள் தீதென்பதால் அதனை இறக்கியவனின் கைத்திறனும் மறக்கத்தக்கது எனக் கருதியது நியாயமன்று. அவன் கயிறு அவன் உயிருக்கு மட்டுமே பொறுப்பேற்றது.

அதே கெடா மாநிலத்தில், பெடு ஏரியைச் சூழ்ந்த காட்டில், மலாய்த் தேனெடுப்போர் துவாலாங் மரத்தில் நிலவற்ற இரவில் ஏறுவர். எரியும் கட்டையைக் கிளையில் தட்டித் தீப்பொறிகளை உதிர்ப்பர். தேனீக்கள் அப்பொறிகளைத் தொடர்ந்து கீழே பறந்துவிடும். அவர்கள் தேனீயை ஹித்தாம் மானிஸ், அதாவது கறுப்பழகி, என விளித்துப் பாடுவர். அரண்மனையில் பணிபுரிந்த இந்துப் பெண் ஒருத்தி சுல்தானின் மகனால் காதலிக்கப்பட்டு, ஓடும்போது இரும்பு ஈட்டி பாய்ந்து தேனீக் கூட்டமாக மாறினாள் என்பது அவர்தம் கதை. அதனால் இன்றளவும் அம்மரத்தில் உலோகத்துக்கு இடமில்லை. அடையை மாட்டெலும்புக் கத்தியால் அறுத்து, மாட்டுத்தோல் வாளியில் இட்டு, இருளில் கயிற்றைச் சிறிது சிறிதாக நழுவவிட்டு இறக்குவர். கீழே நிற்பவர் அதனை இரு கைகளாலும் ஏந்திக்கொள்வர்.