நோன்புக் கஞ்சியும் நெஞ்சின் நலமும்

1739-இல் பிரெஞ்சியர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. ஆட்சிகள் மாறினும், கோட்டுச்சேரி உள்ளிட்ட இக்கடைமடைப் பகுதியில் நெல்லும் மீனுமே நம் முன்னோரின் உணவுக்கு அடிப்படையாய் இருந்தன. சைகோனுக்கும் மலாயாவுக்கும் வணிகத்தின்பொருட்டுச் சென்றோரும் இவ்வுணவில் வளர்ந்தவர்களே.

அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி ஆகியன சேர்ந்த எளிய உணவு அது. வெந்தயத்திலுள்ள கரையும் நார்ச்சத்து இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. வாற்கோதுமையால் ஆன தல்பீனா எனும் கஞ்சி நோயுற்றோரின் உள்ளத்திற்கு ஆறுதல் தரும் என்ற நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்க, புகாரி பதிவு செய்துள்ளது. வாற்கோதுமைக்கும் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் தன்மை உண்டென இன்றைய மருத்துவமும் கூறுகிறது.

இன்றோ நம் இஃப்தார் விரிப்பில் கஞ்சிக் கிண்ணம் ஓரத்திலும், எண்ணெயில் பொரித்த சமோசாவும் வடையும் நடுவிலும் அமர்ந்துள்ளன. பகலெல்லாம் காத்த கட்டுப்பாட்டை மாலையில் இழக்கிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு. கஞ்சியை மீண்டும் நடுவில் வைப்போம், பொரித்ததைக் குறைப்போம், தொழுகைக்குப் பள்ளிவாசல்வரை நடந்தே செல்வோம். உடலும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.