பெரணி மோகம்

பூப்பதில்லை, காய்ப்பதில்லை. எனினும் நிழலும் ஈரமும் உள்ள மூலையில் பெரணியைப் போலக் கண்ணைக் குளிர்விக்கும் செடி பிறிதொன்று உண்டோ? இதனை வீட்டில் வளர்க்கும் ஆசை ஒரு நாட்டையே பற்றிக்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

கிழக்கு லண்டனில் வாழ்ந்த நதானியேல் வார்டு என்னும் மருத்துவர், தம் வீட்டின் பின்புறத்தில் கற்களை அடுக்கிக் காட்டுப் பெரணிகளை வளர்க்க முயன்றார். ஆலைப் புகையால் அவை மடிந்தன. 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணில் இட்டுக் கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அம்மண்ணில் பெரணி ஒன்றும் புல் ஒன்றும் தாமே முளைத்தன! ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது, புகையோ உட்புகவில்லை. இவ்வாறு பிறந்ததே 'வார்டு பெட்டி'. 1861இல் சின்கோனாக் கன்றுகள் நீலகிரிக்கு வந்து சேர்ந்ததும் இத்தகைய பெட்டிகளிலேயாம்.

1845இல் கண்ணாடி வரி நீங்கவே, பெட்டிகளின் விலை குறைந்தது. இரயில் ஏறிக் காடு சென்றோர் பெரணிகளை வேரோடு பெயர்த்து வந்தனர். கூடைகளில் சுமந்து விற்றோரும் பலர். 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி இதற்குப் 'பெரணிப் பித்து' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். கில்லார்னிப் பெரணி என்னும் அரிய இனம் பல இடங்களில் அடியோடு அழிந்தது. உரிமையாளரின் இசைவின்றிக் காட்டுச் செடியை வேரோடு பறித்தலைத் தடுக்கும் பிரிட்டிஷ் சட்டம் வந்தது 1975இலேதான்.

இவ்வழிவு தவிர்க்க இயலாததா? அன்று. ஜமைக்காவில் இருந்த ஜான் லிண்ட்சே என்னும் மருத்துவர், இலையின் அடியிலுள்ள பழுப்புத் தூளிலிருந்தே பெரணியை முளைப்பிக்கலாம் என்பதை 1794இலேயே வெளியிட்டிருந்தார். வழி தெரிந்திருந்தது, பொறுமைதான் இல்லை.

அன்பர்களே, அவ்வழி எளிது. முதிர்ந்த இலைத்துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்து வைத்தால் தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த இலைமக்கு மண்ணில் அதனைத் தூவி, கண்ணாடியால் மூடி, நிழலில் வைத்திடுக. சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றும். பின்னர் சிற்றிலைகள் எழும். நடுவதற்கேற்ற கன்றாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். மலைநாடு செல்லும்போது ஓரிலை போதும். வேர் அங்கேயே இருக்கட்டும்.