சீண்டல்: பாட்டிலிருந்து சட்டத்திற்கு

இந்தியில் ‘ச்சேட்னா’ என்றொரு வினைச்சொல் உண்டு. தொடுதல், சீண்டுதல், தொடங்கிவைத்தல் ஆகிய பொருள்கள் அதில் அடங்கும். தந்தியை மீட்டுவதையும் இராகத்தை எடுப்பதையும் இதே வினையால் சொல்வர். தொட்டால் மறுமொழி எழும் என்னும் எதிர்பார்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதன் எதிரொலிச் சொல்லாக்கமே ‘ச்சேட்சாட்’.

தும்ரி, ஹோரி பாடல்களில் இச்சீண்டல் கண்ணனுக்குரியது. நீர்த்துறைக்குச் செல்லும் கோபியரை அவன் வழிமறிப்பான், குடத்தை உடைப்பான். கோபி முறையிடுவாள், முறையீட்டினூடே விருப்பமும் ஒலிக்கும். 1960-இல் வெளிவந்த ‘முகல்-எ-ஆசம்’ திரைப்படத்தின் கோகுலாஷ்டமிப் பாடலும் இம்மரபினதே. இப்பாடல்களில் பேசும் குரல் பெண்ணுடையது என்பது கருதத்தக்கது. நடந்தது விளையாட்டா இல்லையா என்று சொல்பவள் அவளே.

தெருவில் நிகழ்வது வேறு. முன்பின் அறியாத ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் பெண்ணைத் தொல்லைப்படுத்துவதையும் இந்தி நாளிதழ்கள் ‘ச்சேட்சாட்’ என்றே எழுதுகின்றன. இந்திய ஆங்கிலம் அதனை ‘ஈவ் டீசிங்’ என்றது. பழத்தை நீட்டியவளாக அறியப்படும் ஏவாளின் பெயரைத் தாங்கிய அத்தொடரில் செய்தவனுக்குப் பெயரில்லை. செயலோ வெறும் கேலியாகச் சுருங்கிவிடுகிறது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அத்தொடரை அறியாது. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய அத்துமீறலால் உயிரிழந்தபின், தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் பிறந்தது. ஓர் உயிர் போன பின்னரும் குற்றத்தின் பெயர் கேலியாகவே நின்றது. 2002-இல்தான் சட்டத்தின் தலைப்பில் அச்சொல் நீங்கி, ‘துன்புறுத்தல்’ என்பது இடம்பெற்றது. ஆயினும் 2012-இல், பேருந்து நிலையங்களில் சீருடையணியாப் பெண் காவலரை நிறுத்துமாறு பணித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் பழைய தொடரே வழங்கியது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைச் சட்டத்தில் 354ஏ பிரிவைச் சேர்த்து, ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று வெளிப்படையாகப் பெயரிட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு.

சொல்லின் மீது குற்றமில்லை. சீண்டப்பட்டவள் ‘சீண்டல்’ என்றால் அது உறவின் மொழி. செய்தியாளரோ காவலரோ அவ்வாறு எழுதும்போது, அவள் தராத இசைவை அவள் சார்பில் தந்துவிடுகின்றனர். பேருந்தில் நடந்த அத்துமீறலுக்குத் தமிழ் நாளிதழ்கள் இடும் ‘சில்மிஷம்’ என்னும் தலைப்புச் சொல்லையும் இவ்வொளியில் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது.