திருகுவகை எண்ணெய் வடிகட்டி

உள்ளெரி இயந்திரங்களில் மசகெண்ணெயோடு சுழலும் உலோகத்தூள், கரி, தூசு ஆகியவற்றைப் பிடித்து நிறுத்தும் சாதனம். தகரக் கூட்டுக்குள் மடிப்புத்தாளை அடைத்து, கூட்டின் அடித்தட்டில் மரை வெட்டியிருப்பார்கள். இயந்திரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளின் மேல் இதைக் கையால் திருகி ஏற்றுவது வழக்கம். காலம் முடிந்ததும் கூட்டோடு கழற்றி எறிந்துவிடலாம்.

வரலாறு

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் கம்பிவலை ஒன்றைத் தவிர வேறு வடிகட்டி இல்லை. எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே அன்றைய வைத்தியம். வேதித் தொழிற்சாலைகளுக்கு அழுத்த வடிகட்டிகள் செய்து பெயர் பெற்றிருந்த அமெரிக்கர் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்கோடு சேர்ந்து 1923-இல் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். ப்யூரோலேட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அது, மறு ஆண்டே வால்டர் கிரைஸ்லரின் புதிய காரில் இடம்பிடித்தது. பம்பு தள்ளும் எண்ணெயில் ஒரு சிறு பங்கு மட்டுமே அந்தக்கால வடிகட்டிகளின் வழியே போகும். மீதி வடிகட்டப்படாமல் தாங்கிகளுக்குச் செல்லும். பஞ்சுக்கழிவு, துணி எனக் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே அடைத்துப் பார்த்தார்கள். கழிப்பறைத் தாள் சுருளையே அடைபொருளாகக் கொண்ட ஃபிரான்ட்ஸ் வடிகட்டிக்கு இன்றும் பக்தர்கள் உண்டு.

முழு எண்ணெயும் தாளின் வழியே போகும் ஏற்பாடு பின்னர் வந்தது. அதிலும் வடிதாள் தனி, அதை மூடும் இரும்புக் கிண்ணம் தனி. பிரிட்டனின் பி.எம்.சி. பி-வரிசை இயந்திரத்திலும் அதைக் கொண்டு ஓடிய அம்பாசடர் காரிலும் இவ்வகைக் கிண்ணத்தைக் காணலாம். நடுப்போல்ட்டைக் கழற்றி, கிண்ணத்தைக் கழுவி, காடிக்குள் ஒட்டிக்கொண்ட பழைய ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். வட கரோலினாவின் காஸ்டோனியாவில் 1939-இல் தொடங்கிய விக்ஸ் நிறுவனம் 1954-இல் திருகுவகையைக் கொண்டுவந்து இந்தத் தொல்லையை ஒழித்தது.

மரைகள்

இவ்வடிகட்டிகளின் மரை அளவுகளுக்கு ஒரு நீண்ட வம்சாவளி உண்டு. 1841-இல் ஆங்கிலேயர் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோண மரையை முன்வைத்தார். வெட்டக் கடினமான அதன் வட்ட முனைகளைத் தவிர்த்து, 1864-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் கழகத்தில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையைப் பரிந்துரைத்தார். அமெரிக்கக் கண்டத்தில் செல்லர்ஸும் பிரிட்டனில் விட்வொர்த்தும் கோலோச்சியதால், இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் உதிரிபாகங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அதன் விளைவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றும் 1948 நவம்பர் 18 அன்று ஒருங்கிணைந்த மரைத் தரத்தில் கையெழுத்திட்டன. கோணம் 60 பாகையாகவே நிலைத்தது. மெட்ரிக் மரையின் கோணமும் அதுவே.

வடிகட்டிகளில் பரவலாகக் காணப்படுபவை, அங்குலத்துக்கு 16 சுற்றுள்ள முக்கால் அங்குல மரையும், 1.5 மி.மீ. புரியிடைவுள்ள 20 மி.மீ. மெட்ரிக் மரையும். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வி-8 இயந்திரங்களில் 13/16 அங்குலமும் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; அதன் புரியிடைவு 1.5875 மி.மீ. கோணம் ஒன்று, புரியிடைவும் ஏறக்குறைய ஒன்று என்பதால், 20 மி.மீ. வடிகட்டி முக்கால் அங்குல நிப்பிளில் வம்பு செய்யாமல் ஏறிவிடும். ஆனால் மரைகளின் நுனி மட்டுமே கவ்வியிருக்கும். ரப்பர் வளையத்தின் விட்டம் 65 மி.மீ. என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் வடிகட்டியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 165 கிலோ. நுனிப்பிடி அதைத் தாங்காது. பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்குவதன் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

மரைக்குப் பூச்சு

மரைக்கு டெஃப்லான் நாடா, கேஸ்கட் பசை, மரைப்பூட்டுத் திரவம், செம்புத்தூள் கலந்த களிம்பு ஆகியவற்றைப் பரிந்துரைப்போர் உண்டு. இவை எதுவும் தேவையில்லை. தண்ணீர்க் குழாயின் கூம்பு மரை தானே கசிவைத் தடுக்க வேண்டியது. வடிகட்டியின் மரையோ நேர்மரை, பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கசிவைத் தடுப்பது ரப்பர் வளையம். அழுக்கெண்ணெய் அடித்தட்டின் சுற்றுத் துளைகளால் உள்ளே போய், தாளைக் கடந்து, நடு நிப்பிள் வழியே திரும்புகிறது. மரை இடுக்கில் ஏதேனும் கசிந்தாலும் அது வடிகட்டியின் உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகுமே தவிரத் தரையில் சொட்டாது.

பூச்சின் தீங்கும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. நிப்பிளின் வாயில் உதிரும் நாடாத் துணுக்கு தாளைத் தாண்டிய பக்கத்தில் விழுகிறது. அதற்குப்பின் தடுப்பார் இல்லை. நேரே கிராங்க் தாங்கிகளின் எண்ணெய்த் துளைக்குப் போகும். மரைப்பூட்டுத் திரவம் தடவினால் அடுத்த முறை வடிகட்டியோடு நிப்பிளும் கழன்று வரும். இயந்திரத்துக்குள் போகும் நிப்பிளின் மறுமுனைக்குச் சில தயாரிப்பாளர்கள் அத்திரவத்தைக் குறிப்பிடுவது வேறு செய்தி. அதை வடிகட்டி முனைக்கும் நீட்டித்துக்கொண்டதால் வந்த குழப்பமாகவே தோன்றுகிறது. மரையைத் துணியால் துடைத்து, எண்ணெய் ஈரம் இருந்தால் அப்படியே விடுவது போதும்.

பொருத்துதல்

பழைய வளையம் இயந்திர முகத்தில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புதியதை ஏற்றினால், வண்டி கிளம்பியதும் இரண்டு வளையங்களில் ஒன்று பிதுங்கி எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டும். புதிய வளையத்தில் சுத்தமான எண்ணெய் தடவுவது கசிவைத் தடுக்க அல்ல. உலர்ந்த ரப்பர் இரும்பைப் பற்றிச் சுருண்டு, இறுகிவிட்டதுபோல் கைக்குப் பொய் சொல்லும். வளையம் தொட்டபின் முக்கால் சுற்று என்பதே பெரும்பாலான கூடுகளில் அச்சிடப்பட்டிருக்கும் அளவு. செயின் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும். முன்கூட்டி எண்ணெய் நிரப்புவோர் சுற்றுத் துளைகளில் ஊற்ற வேண்டும். நடுத்துளையில் ஊற்றினால் அது வடிகட்டப்படாத எண்ணெய்.

சிறு விமானங்களின் லைகாமிங், கான்டினென்டல் இயந்திரங்களிலும் திருகுவகையே பயன்படுகிறது. அங்கே டிசி-4 என்னும் சிலிக்கோன் களிம்பை வளையத்துக்குத் தடவுவார்கள். சாம்பியன் வடிகட்டிகளுக்கு 16 முதல் 18 பவுண்டு-அடி முறுக்குவிசை; அதன்பின் கழலாதிருக்கப் பூட்டுக்கம்பி. கழற்றிய கூட்டை அறுத்துத் தாளை விரித்து உலோகத்துகள் தேடுவதும் விமானப் பராமரிப்பின் ஒரு பகுதி.

இன்றைய நிலை

கழிவைக் குறைப்பதற்காகப் பல புதிய கார்கள் தாளை மட்டும் மாற்றும் வகைக்குத் திரும்பியுள்ளன. மின்கார்களில் இயந்திர எண்ணெயும் இல்லை, அதற்கான வடிகட்டியும் இல்லை.